காணிக் கடதாசிகளில் வரும் சொற்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தில் காணி நடமாடும் சேவை நடக்கிற நாட்களில் படிவம் நிரப்பவும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும் உதவுகிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதிப் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். ஆனால் போகும்போது உங்கள் கையில் இருக்கிற கடதாசியின் பெயராவது தெரிந்திருந்தால், அவர் கேட்பதற்குச் சரியான பதில் சொல்லலாம்.

என்னட்ட ஒரு காணிக் கடதாசி இருக்கு. அது உறுதியா பெமிட்டா எண்டு எப்பிடித் தெரியும்?

முதல் பக்கத்தையும் கையெழுத்தையும் பாருங்கள். நொத்தாரிசு ஒருவர் தன் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதி முடித்தது உறுதி. அதில் உறுதி இலக்கம் இருக்கும், கடைசியில் காணியின் நான்கு எல்லைகளையும் சொல்லும் அட்டவணை இருக்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை இப்படி எழுதப்பட்டால்தான் செல்லும்.

அனுமதிப்பத்திரம், அதாவது நாங்கள் பெமிட் என்று சொல்வது, அரசு கொடுப்பது. ‘காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்’ என்ற பெயர் அதில் இருக்கும். அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். எல்.டி.ஓ பெமிட் என்று சொல்வது இதைத்தான். கையெழுத்து பிரதேச செயலாளருடையது; பழைய பெமிட்டில் உதவி அரசாங்க அதிபருடையது. மூன்றாவது வகை அளிப்புப் பத்திரம். அதில் ஜனாதிபதியின் கையெழுத்து இருக்கும். சுவர்ணபூமி, ஜயபூமி என்று வந்தவை எல்லாம் இந்த வகை.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களை நம்பிக் குடியேற்றத் திட்டங்களாக உருவான ஊர்கள் இங்கே நிறைய. அந்தக் காணிகள் அரசு பகிர்ந்து கொடுத்தவை. அதனால் யாழ்ப்பாணத்தில் உறுதி எப்படிச் சாதாரணமோ, இங்கே பெமிட் அப்படி. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் நல்ல மனதோடு சொல்லும் ஆலோசனை இங்கே பல தடவை பிழைத்துப் போவதற்கும் இதுவே காரணம்.

பெமிட் இருந்தாக் காணி என்ர தானே?

குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், உங்களை வேறு ஒருவர் எழுப்ப முடியாது. ஆனால் உரித்து இன்னும் அரசிடம்தான். பெமிட்டின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றை மீறினால் அறிவித்தல் தந்து, விசாரித்து, பெமிட்டை ரத்துச் செய்யலாம். விற்க முடியாது.

அப்ப ஜயபூமி கிடைச்சாப் பிறகு விக்கலாமோ?

அளிப்புக் கிடைத்தால் நீங்கள் சொந்தக்காரர்தான், ஆனால் கட்டுப்பாடுகள் உள்ள சொந்தக்காரர். விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் முதலில் வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே துண்டாக்கவும் முடியாது. சம்மதம் இல்லாமல் எழுதிய உறுதி, நொத்தாரிசு எழுதியிருந்தாலும் செல்லாது. காசைக் கொடுத்து இப்படி ஒன்றை வாங்கிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்காது. வாங்குமுன் ‘சம்மதக் கடிதம் எங்கே?’ என்று கேளுங்கள்.

அப்பான்ர பேரில பெமிட். அப்பா மோசம் போட்டார். காணி இப்ப ஆருக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் சண்டை வருவதும் இதில்தான். ‘நாங்கள் நாலு பிள்ளைகள், நாலு பங்கு’ என்று வீட்டிலேயே பிரித்து வேலி போட்டுவிடுகிறார்கள். பெமிட் காணிக்கும் அளிப்புக் காணிக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. தேசவழமையும் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம்) பொருந்தாது, பொதுவான உரிமைச் சட்டமும் பொருந்தாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது.

அப்பா உயிரோடு இருக்கும்போது ‘எனக்குப் பிறகு இவர்’ என்று ஒருவரை நியமித்திருந்தால், அந்த ஆளுக்குப் பெயர் பின்னுரித்தாளர். கணவன் அல்லது மனைவி, அல்லது சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சொல்லப்பட்ட உறவினர் மட்டுமே அப்படி நியமிக்கப்படலாம். அயலவரையோ நண்பரையோ நியமிக்க முடியாது. அந்த நியமனம் அப்பா இறப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். கையெழுத்து வைத்து அலுமாரிக்குள் வைத்திருந்த படிவம் பிறகு உதவாது.

அம்மா இருந்தால், அப்பா வேறு யாரை நியமித்திருந்தாலும் முதலில் காணி அம்மாவிடம் வரும். அவருக்கு உள்ளது சீவிய உரித்து. சீவிக்கும் வரை இருக்கலாம், பயிர் செய்யலாம். விற்கவோ, தான் ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கவோ முடியாது. மறுமணம் செய்தால் அந்த உரித்து முடிந்துவிடும். இன்னொன்று: உரித்து வந்தவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் அவருடைய உரிமை தவறிப்போகலாம். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற பிள்ளையை நியமிக்குமுன் இதை யோசியுங்கள்.

அப்பா ஒருத்தரையும் எழுதேல்ல. மூத்த அண்ணாவுக்குத்தான் எண்டு சொல்லினம். நான் பெம்பிளைப் பிள்ளை எண்டதால எனக்கு ஒண்டும் இல்லையோ?

முன்பு அப்படித்தான் இருந்தது. மூன்றாம் அட்டவணையில் மகன்மார் முதல் வரிசை, மகள்மார் அடுத்த வரிசை. பேரன் பேர்த்தி, சகோதரன் சகோதரி என்று கீழே வரையும் ஆணே முன்னால் நின்றான். வன்னியில் பெண்கள் தனியே நின்று குடும்பம் நடத்துகிற வீடுகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். அந்த வரிசை அவர்களுக்குச் செய்தது பெரிய அநீதி என்பது என் எண்ணம். 2022இல் வந்த திருத்தம் இந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. உங்கள் அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தால் இறந்த திகதியைச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு ‘எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்ற கடிதத்தில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

பெமிட்டோ அளிப்போ யாருடைய பெயரில் இருக்கிறதோ, அந்த அப்பாவோ அம்மாவோ இன்னும் இருக்கிறார் என்றால், இந்தக் கிழமையே அவரைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னுரித்தாளர் நியமனத்தைப் பதியச் செய்யுங்கள். பிறகு மனம் மாறினால் அதை நீக்கிவிட்டு வேறு ஒருவரை நியமிக்கலாம்.

முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எண்டு உறுதியில கிடக்கு. என்ன வித்தியாசம்?

இவை தேசவழமைச் சொற்கள். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707ஆம் ஆண்டளவில் தொகுத்தார். பிறகு ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். பெற்றோர் வழியாக வந்த சொத்து முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு கணவனோ மனைவியோ விலை கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம். தனிச் சொத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்த வருமானமும் அதில் சேரும்.

நடைமுறையில் வித்தியாசம் ஒருவர் இறக்கும்போது தெரியும். தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடு இருக்கும் துணைக்கு, மற்றப் பாதி இறந்தவரின் உரிமைக்காரருக்கு. முதுசத்தை விற்று வந்த காசில் புதுக் காணி வாங்கினால் அது தேடிய தேட்டம் ஆகாது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நாங்கள் மலையகத்தில இருந்து வந்து வவுனியாவில இருக்கிறம். எங்களுக்கும் தேசவழமையோ?

தேசவழமை வட மாகாணத்தை நிலையான வசிப்பிடமாகக் கொண்ட தமிழருக்கான சட்டம். 1977 கலவரத்தின் பின்னும் அதற்கு முன்னும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கு அது தானாகப் பொருந்திவிடாது. ஆளுக்கு ஆள், நிலைமைக்கு நிலைமை நீதிமன்றம் பார்த்து முடிவு செய்யும். பொருந்தாவிட்டால் பொதுச் சட்டம் வரும். முஸ்லிம் குடும்பங்களுக்கு உரிமைப் பங்கு முஸ்லிம் சட்டப்படி.

தேசவழமைக்கு உட்படாத பெண், அதற்கு உட்பட்ட ஆணைக் கலியாணம் செய்தால், அந்தத் திருமணம் நிலைக்கும் வரை அவருக்கும் அது பொருந்தும். எதிர்ப்பக்கமாகவும் அப்படித்தான்: அதற்கு உட்பட்ட பெண் வெளியே கட்டினால் அவருக்கு வெளிச் சட்டம்.

என்ர சீதனக் காணியை விக்க அவரின்ர கையெழுத்து வேணுமாம். அவர் 2009இல காணாமல் போனவர். நான் என்ன செய்யிறது?

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியைக் கைமாற்றவும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் ஒரு வழியும் வைத்திருக்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியாதபோதும், அவர் கைவிட்டுப் போனபோதும், காரணமில்லாமல் மறுக்கும்போதும் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். பெண்கள் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

மரணச் சான்றிதழ் எடுத்தாத்தான் காணி வேலை நடக்கும் எண்டினம். அவர் செத்திட்டார் எண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?

எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. காணாமல் போனவர் இறந்ததாகப் பதிய 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, மரணத்தைச் சொல்லாமல் ‘ஆள் காணப்படவில்லை’ என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அதை வைத்துக் கொண்டு உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைப் பராமரிக்கலாம். அவருடைய பெயரில் உள்ள காணியை விற்பது, எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். அதற்குச் சட்டத்தரணியின் உதவி வேண்டும். எந்தச் சான்றிதழை எடுப்பது என்பது உங்கள் முடிவு. கந்தோரில் யார் அவசரப்படுத்தினாலும் அந்த முடிவை நீங்களே எடுங்கள்.

ஒத்தி, ஈடு, அறுதி மூண்டும் ஒண்டுதானே? காசு வாங்கத்தானே எழுதுறது?

ஒன்றில்லை. ஈட்டில் காணி உங்களிடமே இருக்கும், நீங்கள் வட்டி கட்டுவீர்கள். ஒத்தியில் காணி காசு தந்தவரிடம் போகும், வட்டிக்குப் பதிலாக அவர் விளைச்சலை எடுப்பார், முதலைக் கொடுத்து நீங்கள் மீட்பீர்கள். அறுதி என்றால் விற்று முடிந்தது.

ஆபத்தானது இதுதான். ‘காசைத் தா, காணியைத் திருப்பி எழுதுவேன்’ என்று வாயால் சொல்லிவிட்டு அறுதி உறுதியில் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலர் ‘இத்தனை வருடத்துக்குள் மீட்கலாம்’ என்ற நிபந்தனையோடு எழுதுவார்கள். தவணை தப்பினால் காணி போய்விடும். வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகக் கடினம். கையெழுத்துக்கு முன் நொத்தாரிசிடம் உறுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பெமிட் காணியைத் தனியாள் ஒருவரிடம் ஒத்தியோ ஈடோ வைக்க முடியாது. அப்படி எழுதிய கடதாசிக்குச் சட்ட மதிப்பு இல்லை.

பங்குக் காணியை அண்ணா வெளியாளுக்கு விக்கப் பாக்கிறார். தடுக்கேலாதோ?

தேசவழமைக்கு உட்பட்ட காணி என்றால் முன்வாங்கும் உரிமை உண்டு. கூட்டுப் பங்குக்காரரும், விற்பவர் இறந்தால் உரிமை வரக்கூடியவர்களும், வெளியாள் சொன்ன அதே விலைக்குத் தாங்களே வாங்கக் கேட்கலாம். அடுத்த காணிக்காரர் என்பதற்காக மட்டும் 1947இன் சட்டத்தின் பிறகு இந்த உரிமை கிடையாது. பெமிட் காணியில் இந்தக் கேள்வியே எழாது.

இடப்பெயர்வில எல்லாக் கடதாசியும் போட்டுது. இனி என்ன?

உறுதி என்றால் நம்பிக்கை இருக்கிறது. நொத்தாரிசு எழுதும்போது மூலப்பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு, ஒன்று அவருடைய கோவைக்கு. பதிவகத்தில் தோம்பை, அதாவது காணிப் பதிவுப் புத்தகத்தைத் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். காணியின் பெயரும் ஊரும் பழைய சொந்தக்காரரின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். மாவட்டத்தையும் கவனியுங்கள். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் எழுதியதில் யாழ்ப்பாண மாவட்டம் என்றே இருக்கும். பெமிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் காணிப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இயக்க காலத்தில தந்த காணித் துண்டு இருக்கு. செல்லுமோ?

உரித்தாகச் செல்லாது. எறிந்துவிடாதீர்கள். எத்தனை காலமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதைக் காட்ட, பெமிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது உதவலாம். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றையும் அதனோடு சேர்த்து வையுங்கள்.

பழைய உறுதியில உடையார், முடிக்காணி, லாச்சம் எண்டெல்லாம் கிடக்கு.

முடிக்காணி என்பது இன்றைய அரச காணி. 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலத்தையெல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. சேனை வெட்டிச் சீவித்த வன்னி மக்களின் நிலம் பெரும்பாலும் அரச காணியானது இப்படித்தான். உடையார், விதானை ஆகியோர் பழைய ஊர்த் தலைமைக்காரர். டி.ஆர்.ஓ (காரியாதிகாரி) இருந்த இடத்துக்கு ஏ.ஜி.ஏ (உதவி அரசாங்க அதிபர்) வந்தார், அவருடைய இடத்தில் இன்று பிரதேச செயலாளர். கரிக்கட்டுமூலை, மேல்பற்று என்பன பழைய நிர்வாகப் பிரிவுகளின் பெயர்கள்; அவற்றை அப்படியே பதிவகத்தில் சொன்னால் தேட உதவும்.

லாச்சம் இரண்டு வகை. வரகு லாச்சம் 10 பேர்ச், நெல் லாச்சம் ஏறத்தாழ 18 பேர்ச். 160 பேர்ச் ஒரு ஏக்கர். உறுதியில் எது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் எல்லைச் சண்டை நிச்சயம்.

பத்து வருசம் இருந்தாக் காணி சொந்தமாகுமாமே?

தனியார் காணியில், சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் இருந்ததை நிரூபித்தால் ஆட்சியுரிமை கேட்கலாம். 1871இன் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அது. குத்தகைக்கு இருந்தவர், பார்த்துக்கொள்ளச் சொல்லி விடப்பட்டவர் ஆகியோருக்குச் சும்மா வருடக் கணக்கு மட்டும் போதாது. அரச காணிக்கு எதிராக இந்தப் பத்து வருடம் செல்லவே செல்லாது.

போரால் ஊருக்கு வர முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது வழி செய்தது. ஆனால் வழக்குத் தொடர அந்தச் சட்டமே ஒரு காலக்கெடுவையும் வைத்தது. அதனால் அதை நம்பி இன்னும் காத்திருக்க வேண்டாம். உங்கள் நிலைமையைச் சட்டத்தரணியிடம் உடனே காட்டுங்கள்.

‘வெளியேறு’ எண்டு அரசாங்கக் கடிதம் வந்திருக்கு. கோட்டில என்ர கதையைச் சொல்லலாம்தானே?

அது 1979இன் அரச காணிகள் ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் வந்ததாக இருந்தால் மிகவும் கவனம். கொடுத்த காலத்துக்குள் வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நடைமுறையில் உள்ள பெமிட்டையோ அரசின் எழுத்து மூலமான வேறு அதிகாரத்தையோ காட்டினால்தான் நிற்கலாம். எத்தனை வருடம் இருந்தேன், எத்தனை தென்னை வைத்தேன் என்பது அந்த வழக்கில் எடுபடாது. அதனால் கடிதம் வந்த அன்றே ஓடித் திரிய வேண்டும். திகதி போட்டு எழுத்தில் பதில் கொடுங்கள்.

பக்கத்துக் காணிக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டிட்டான். பொலிஸ் ‘66 வழக்கு’ எண்டுது.

காணித் தகராறு அடிபிடியாகும் ஆபத்து இருந்தால் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டு போவார்கள். அங்கே பார்ப்பது ஆட்சி யாரிடம் இருந்தது என்பதை. உரித்து யாருக்கு என்பதை மாவட்ட நீதிமன்றம்தான் தீர்க்கும். உங்களைப் பலவந்தமாக எழுப்பியிருந்தால் இரண்டு மாதத்துக்குள் முறையிட வேண்டும். இணக்க சபையில் பேசிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அந்த இரண்டு மாதத்தை அதில் தொலைத்துவிடாதீர்கள்.

தம்பி கனடாவில இருந்து பவர் அனுப்பினவன். அவன் செத்தாப் பிறகும் நான் விக்கலாமோ?

முடியாது. தந்தவர் இறந்த அன்றே அற்றோணித் தத்துவம், அதாவது நாங்கள் பவர் என்று சொல்வது, முடிந்துவிடும்.

பெமிட் காணிக்குள்ள வன இலாகா கல்லுப் போட்டிட்டுது. பெமிட் பெருசா, கல்லுப் பெருசா?

கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒதுக்கக் காடாக ஓர் இடத்தைப் பிரகடனம் செய்ய வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். அதன் திகதியையும் அது சொல்லும் எல்லைகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெமிட்டின் திகதி அதற்கு முந்தியதா என்று பாருங்கள். பெமிட் அப்பாவின் பெயரிலேயே இருந்து, மேலே சொன்ன பின்னுரித்து வேலை இன்னும் முடியாமல் இருந்தால், ‘உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த வேலையையும் சேர்த்தே தொடங்குங்கள். பெமிட்டின் பிரதி, காணிப் படம், கல் நட்ட இடத்தின் படம், எப்போது நட்டார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றோடு கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு முறைப்பாடு எழுதுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் கந்தோரை விட்டு வராதீர்கள்.